ஓஎஸ் மாற்றியபின் ரெய்டு காணாமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு இந்தப் போன் வராத மாதம் கிடையாது. கல்யாண ஸ்டுடியோ, பனியன் பிரிண்டிங் டிசைன் ஆபீஸ், ஸ்பின்னிங் மில் அக்கவுன்ட்ஸ், பம்ப் கம்பெனியின் டிராயிங் அறை என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். மெஷின் ஸ்லோ ஆனது, ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) மாற்றினார்கள், ரெய்டாக, அதாவது பல டிஸ்குகள் ஒரே டிஸ்க் மாதிரிச் சேர்ந்து நின்ற டேட்டா டிஸ்குகள் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மெஷினை அணைத்துவிடுங்கள். மீதியைப் போனில் படிக்கலாம்.

1. அண்ணா, விண்டோஸ் புதுசாப் போட்டேன். டி டிரைவையே காணோமுங்க. டேட்டா எல்லாம் போயிருச்சுங்களா?

பெரும்பாலும் போயிருக்காது. எந்த டிஸ்க் எத்தனையாவது, எந்த வகை ரெய்டு, டேட்டாவை எவ்வளவு பெரிய துண்டாக வெட்டிப் பிரித்தது என்ற விவரமெல்லாம் ஓஎஸ்ஸுக்குள் இல்லை. ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு சின்ன இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் ரெய்டின் இப்போதைய வழக்கப்படி, டிஸ்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி அது இருக்கும். விண்டோஸே டிஸ்குகளைச் சேர்க்கும் டைனமிக் டிஸ்கில், பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் வகையானால் கடைசி 1 எம்பியிலும், இன்டெல் மதர்போர்டு ரெய்டில் டிஸ்கின் வால்பகுதியிலும் இருக்கும்.

நீங்கள் அழித்தது சி டிரைவை. அந்த விவரத்தைப் படித்து டிஸ்குகளைச் சேர்த்து நிறுத்தும் ஏற்பாடு புது ஓஎஸ்ஸில் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இந்த மாதிரிக் கேஸ்களில் டேட்டா போவது ஓஎஸ் போட்டதால் அல்ல; டிரைவைக் காணோம் என்று பதறி அடுத்த ரெண்டு மணி நேரத்தில் அழுத்தும் பட்டன்களால்.

2. மொதல்ல என்னதானுங்க பண்ணோணும்? கையக் கட்டிட்டுச் சும்மா உக்கார முடியலீங்க.

மெஷினை அணையுங்கள். மூடியைத் திறந்து, எந்த டிஸ்கின் கேபிள் போர்டில் எந்த எண் போர்ட்டுக்குப் போகிறது என்று போட்டோ எடுங்கள். ஒவ்வொரு டிஸ்கின் மேலும் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் போர்ட் எண்ணையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். இதற்கு அஞ்சு நிமிஷம் ஆகும். இதைச் செய்யாமல் கழற்றி மாட்டிவிட்டு, பிறகு வரிசை தெரியாமல் நாள் கணக்கில் உட்காருபவர்கள்தான் அதிகம்.

அப்புறம் இன்ஸ்டால் செய்யாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸ் லைவ் யுஎஸ்பி போட்டு (சிஸ்டம்ரெஸ்க்யூ இதற்கென்றே இருப்பது) ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, பாருங்கள். 5, 197, 198 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்கின் பரப்பே பழுதாகிறது என்று அர்த்தம். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, கேபிளோ கனெக்டரோதான் கோளாறு. பல்லடம், சோமனூர் பக்கத்து மெஷின்களைத் திறந்தால் உள்ளே பஞ்சு ஒரு படுக்கை மாதிரி கிடக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றாமல் சூடேறி, வோல்டேஜ் இறங்கி, டிஸ்க் நடுவில் துண்டித்துக்கொள்ளும். நூறு ரூபாய்க் கேபிளில் தீருகிற விஷயத்துக்கு ரெய்டை உடைக்க வேண்டாம்.

3. ரெய்டுன்னா ரெண்டு காப்பிதானுங்களே? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமில்லீங்க?

எல்லா ரெய்டும் அப்படி இல்லை. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஓடிவரும் வகைகள் இவை. ரெய்டு 1 என்பது நீங்கள் சொன்ன இரட்டைக் காப்பி. ரெய்டு 5-இல் டேட்டாவோடு ஒரு கணக்கும் சேர்த்து எழுதப்படும். ஒரு டிஸ்கில் 5, இன்னொன்றில் 7 இருந்தால் மூன்றாவதில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்; 7 இருந்த டிஸ்க் போனால் 12-இல் 5-ஐக் கழித்து அதை வரவழைக்கலாம். உண்மையில் நடப்பது பிட் கணக்கு, தத்துவம் இதுதான். அதனால் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், ரெண்டு போனால் தாங்காது. ரெய்டு 6 ரெண்டு வரை தாங்கும்.

ரெய்டு 0-வில் காப்பியே கிடையாது. வேகத்துக்காக டேட்டாவைத் துண்டு போட்டு எல்லா டிஸ்கிலும் பரப்புவது. ஒன்று போனால் மொத்தமும் போச்சு. வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோக்களில் "ரெய்டு போட்டிருக்கோம், சேஃப்" என்று நம்பிக்கொண்டிருப்பது பல நேரம் இந்த ரெய்டு 0-வைத்தான்.

4. எங்களுது எந்த ரெய்டுன்னே தெரியாதுங்க. செட் பண்ணிக் குடுத்த தம்பி வேலைய விட்டுட்டுக் கோயமுத்தூர் போயிட்டாப்ல.

அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. கிடைக்கவில்லையென்றால் டிஸ்குகளையே கேட்கலாம். லைவ் யுஎஸ்பியில் எம்டிஏடிஎம் என்ற கருவி இருக்கும், நீல் பிரவுன் எழுதியது. அதை எக்ஸாமின் என்ற கட்டளையோடு ஒவ்வொரு டிஸ்க் மீதும், அதன் ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் ஓட்டுங்கள். இது படிக்க மட்டுமே செய்யும், எதையும் எழுதாது. லினக்ஸ் ரெய்டானால் வகை, டிஸ்க் எண்ணிக்கை, துண்டு அளவு, அந்த டிஸ்கின் இடம் எல்லாம் வரும். இன்டெல் ரெய்டானாலும் அடையாளம் சொல்லிவிடும்.

வரும் விவரம் முழுவதையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். பின்னால் எது தப்பினாலும் இந்த ஃபைல் கைகொடுக்கும்.

5. பயாஸ்ல இருந்த ரெய்டுங்க. விண்டோஸ் போடறதுக்கு டிஸ்க் காட்டலைன்னு ஏஹெச்சிஐன்னு மாத்திப்போட்டாங்க. இப்ப ரெண்டும் தனித்தனி டிஸ்க்கா நிக்குதுங்க.

கொங்குப் பக்கம் நான் அதிகம் கேட்கும் கேஸ் இதுதான். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் காட்டாததற்குக் காரணம் டிரைவர் இல்லாதது. அந்தத் திரையிலேயே "லோட் டிரைவர்" கொடுத்து இன்டெல் டிரைவரை யுஎஸ்பியிலிருந்து ஏற்றியிருந்தால் போதும். அதைவிட்டு பயாஸில் (மெஷின் ஏறும்போது வரும் செட்டிங்) மோடை ஏஹெச்சிஐக்கு, அதாவது டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் முறைக்கு, மாற்றினால் ரெய்டு கலைந்த மாதிரித் தெரியும். சிமாஸ் பேட்டரி தீர்ந்து பயாஸ் தானாக ரீசெட் ஆனாலும் இதே நிலைதான்.

மோடை மறுபடி ரெய்டுக்கு மாற்றினால், டிஸ்குகளில் எதுவும் எழுதாதவரை, ரெய்டு அப்படியே திரும்பி வரும். ஒரு சிக்கல் உண்டு. ஏஹெச்சிஐயில் நிறுவிய புது விண்டோஸ் ரெய்டு மோடில் பூட் ஆகாமல் நீலத் திரை காட்டலாம். அப்போது ஏஹெச்சிஐயிலேயே உள்ளே போய், எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ரெய்டுக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒரு தடவை ஏறிவிட்டால் சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சேஃப் பூட்டை எடுத்துவிடலாம். விண்டோஸோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து டேட்டாவை வெளி டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பயாஸின் ரெய்டு மெனுவில் "ரீசெட் டிஸ்க்ஸ் டு நான்-ரெய்டு" என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்து ரிப்பேர் பட்டன் என்று நினைக்காதீர்கள், அது ரெய்டு விவரத்தைத் துடைத்துவிடும்.

6. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல மஞ்சக் குறியோட "ஃபாரின்"னு வருதுங்க. வெளிநாட்டு டிஸ்க்கா என்னங்க?

வேறு கம்ப்யூட்டரில் உருவான டைனமிக் டிஸ்க் என்று புது விண்டோஸ் நினைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தொகுப்பின் எல்லா டிஸ்கும் மாட்டியிருக்க வேண்டும். ரைட் கிளிக் செய்து "இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்" கொடுங்கள். பக்கத்திலேயே "கன்வர்ட் டு பேசிக்" இருக்கும், அதைத் தொட்டால் வால்யூம்கள் போய்விடும். முன்பு ப்ரோ ஓடிய மெஷினில் இப்போது ஹோம் போட்டிருந்தால் அதிலேயே முட்டாமல், ப்ரோ இருக்கும் வேறு மெஷினில் மாட்டிப் பாருங்கள்.

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் (விண்டோஸ் டிஸ்குகளைச் சேர்க்கும் இன்னொரு முறை) வைத்திருந்தவர்களுக்குப் பூல், அதாவது டிஸ்குகளின் தொகுப்பு, பெரும்பாலும் தானே தெரியும். உள்ளே உள்ள விர்ச்சுவல் டிஸ்க் "டிடாச்டு" என்று இருந்தால் அட்டாச் கொடுத்தால் போதும். ஆனால் புது விண்டோஸில் அப்கிரேடு செய்த பூல் பழைய விண்டோஸில் திறக்காது.

7. "டிஸ்கை இனிஷியலைஸ் பண்ணு"ன்னு கேட்டுச்சுங்க. ஓகே குடுத்துப்போட்டேன்...

முகம் வாட வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் அழிக்காது. ஜிபிடி வகை (இப்போது வழக்கமான பார்ட்டிஷன் அட்டவணை) என்றால் தொடக்கத்தில் சுமார் 17 கேபியும் கடைசியில் அதேபோல் கொஞ்சமும் எழுதும். பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்கையும் லினக்ஸ் ரெய்டில் சேர்த்திருந்தவர்களுக்குத்தான் இதில் அடி. ரெய்டு விவரம் இருப்பது 4 கேபியில், கேள்வி 1-இல் சொன்னது. அது அந்த 17 கேபிக்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஃபைல்கள் அதற்கு வெகு தூரம் தள்ளித் தொடங்குவதால் அவை பத்திரம்.

ரெய்டு 5-இல் ஒரே டிஸ்குக்கு இப்படி ஆனால், அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றை வைத்தே ரெய்டைத் திறக்கலாம். எல்லா டிஸ்குக்கும் ஓகே கொடுத்திருந்தால் கேள்வி 12-க்குப் போங்கள். இனிஷியலைஸோடு நின்றுவிட்டீர்களா, ஃபார்மட்டும் செய்தீர்களா என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஃபார்மட் வேறு கதை.

8. உபுண்டு மறுபடி போட்டேனுங்க. எம்டி0ன்னு இருந்தது இப்ப எம்டி127ன்னு வருது. வேற ரெய்டுங்களா?

அதே ரெய்டுதான். உருவாக்கும்போது மெஷினின் பெயரும் டிஸ்கில் எழுதப்பட்டது. புது ஓஎஸ்ஸில் மெஷின் பெயர் மாறியதால், யாரோ வெளியார் ரெய்டு என்று நினைத்து 127-லிருந்து எண் கொடுக்கிறது. முதலில் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, அதாவது திறந்து, ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு எம்டிஏடிஎம்மின் டீட்டெயில் ஸ்கேன் தரும் வரியை அதன் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் பழைய பெயர் வரும். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) போட்டிருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் கவலை இல்லை.

ரெய்டே எழவில்லை என்றால் அசெம்பிள் ஸ்கேன் கொடுத்துப் பாருங்கள். அது எழுந்தும் மவுன்ட் ஆகவில்லை என்றால் நடுவில் எல்விஎம் (ரெய்டின் மேல் இடத்தைப் பிரித்துத் தரும் லினக்ஸ் ஏற்பாடு) இருக்கலாம், அதன் வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

9. யூட்யூப்ல "கிரியேட்" போடுங்கன்னு சொல்றாங்க. நீங்க "அசெம்பிள்"ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

இல்லவே இல்லை. அசெம்பிள் என்பது டிஸ்கில் இருக்கும் விவரத்தைப் படித்து அதன்படி சேர்ப்பது. கிரியேட் என்பது பழைய விவரத்தின் மேல் புதிதாக எழுதுவது. வெறுமனே கிரியேட் கொடுத்தால் ரெய்டு 5-இல் உடனே கணக்குப் போடத் தொடங்கி, கடைசி டிஸ்கின் மேல் எழுதிக்கொண்டே போகும். வரிசை தப்பியிருந்தால் அந்த டிஸ்கின் நல்ல டேட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் அழியும்.

அந்த வீடியோ புது ரெய்டு அமைக்க எடுத்தது. உங்களுக்கு வேண்டியது பழையதை எழுப்புவது.

10. ரெய்டு 5, நாலு டிஸ்க். ரெண்டு டிஸ்க் போயிருச்சுன்னு காட்டுதுங்க. கதை முடிஞ்சுதுங்களா?

பெரும்பாலும் முடியவில்லை. எக்ஸாமின் விவரத்தில் "ஈவென்ட்ஸ்" என்று ஒரு எண்ணும் "அப்டேட் டைம்" என்று ஒரு நேரமும் இருக்கும். ரெய்டின் நிலை மாற மாற ஈவென்ட்ஸ் ஏறும், வெளியே தள்ளப்பட்ட டிஸ்கில் மட்டும் அப்படியே நின்றுவிடும். நாலு டிஸ்கிலும் முறையே 48211, 48211, 48209, 31577 என்று வந்தால் என்ன அர்த்தம்? மூன்றாவது டிஸ்க் கடைசி நேரத்தில் நழுவியது. கேபிளோ கரண்டோ காரணமாக இருக்கலாம், டேட்டா கிட்டத்தட்ட புதுசு. நாலாவது எப்போதோ செத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அப்டேட் டைமைப் பார்த்தால் போன தீபாவளி சீசனாக இருக்கும்.

இந்த நிலையில் முதல் மூன்றை மட்டும் வைத்து, ஃபோர்ஸ் சேர்த்து அசெம்பிள் கொடுக்கலாம். நாலாவதைச் சேர்க்கவே கூடாது, அதில் இருப்பது பழைய சரக்கு. ஃபோர்ஸ் டிஸ்கில் எழுதும் கட்டளை என்பதால், முடிந்தால் அடுத்த கேள்வியில் வரும் நகலை எடுத்தபிறகு செய்யுங்கள். மவுன்ட் செய்யும்போது படிக்க மட்டும் என்றும், ஜர்னலை (எழுதி முடியாத மாற்றங்களின் குறிப்பு) ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள் (இஎக்ஸ்டி4-க்கு நோலோடு, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு நோரெக்கவரி).

நல்ல டிஸ்க் ஏன் தள்ளப்படுகிறது என்றால், சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிஷக் கணக்கில் முயலும். லினக்ஸ் 30 விநாடிக்கு மேல் பொறுக்காது. நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்குகள் 7 விநாடியில் கைவிட்டுப் பதில் சொல்லிவிடும், விலை வித்தியாசத்தில் அதற்கும் ஒரு பங்கு.

11. புது டிஸ்க் மாட்டி ரீபில்டு போட்டு வுட்டரட்டுங்களா? நாளைக்குக் கலியாண ஆல்பம் குடுத்தாகோணும்.

ஆல்பத்தை மட்டும் முதலில் வெளி டிஸ்குக்குக் காப்பி பண்ணுங்கள். ரீபில்டு என்றால் மிச்சமுள்ள டிஸ்குகளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிப்பது. நாலு 4 டிபி டிஸ்க் போட்ட ரெய்டு 5-இல் அது 12 டிபி. சாதா டிஸ்குகளின் விவரக் குறிப்பில் சுமார் 12.5 டிபி படிப்புக்கு ஒரு படிக்க முடியாத செக்டர் வரலாம் என்றுதான் இருக்கும். நிஜத்தில் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனாலும் ஒன்றாக வாங்கிய, ஒரே வயசான டிஸ்குகளில் ஒன்று போனபின் மற்றவற்றை இப்படி ஓட விடுவது துணிச்சல்தான்.

197 ஏறியிருக்கும் டிஸ்கை முதலில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்குக்கு நகலெடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறிக்கும் மேப் ஃபைலை மூன்றாவது ஒரு இடத்தில் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், நம் ஊருக்கு இது முக்கியம். முதல் சுற்றில் சுலபமாக வருவதை எடுத்து, அடுத்த சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டலாம். 4 டிபி நல்ல டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம் எடுக்கும். பழுதான டிஸ்க் நாள் கணக்கில் இழுக்கும். அதற்கப்புறம் நகலை வைத்து ரெய்டை எழுப்புங்கள், அசல் டிஸ்க் டிராயருக்குள் தூங்கட்டும்.

12. டிஸ்க்ல இருந்த ரெய்டு விவரமே அழிஞ்சு போச்சுன்னா? அப்பவும் கிரியேட் கூடாதுங்களா?

அப்போது மட்டும் கிரியேட்தான் வழி, ஆனால் "அஸ்யூம் கிளீன்" என்ற சொல்லோடு. அது கணக்கை மறுபடி எழுத விடாது. பழைய டிஸ்க் வரிசை, துண்டு அளவு, மெட்டாடேட்டா (டிஸ்கில் எழுதும் ரெய்டு விவரம்) பதிப்பு, டேட்டா தொடங்கும் இடம் எல்லாம் முன்பு இருந்தபடியே கொடுக்க வேண்டும். இங்கேதான் புது ஓஎஸ் காலை வாரும். எம்டிஏடிஎம் பதிப்பு மாற மாற இயல்பு அளவுகளும் மாறியிருக்கின்றன. முன்பு துண்டு அளவு 64 கேபி, இப்போது 512 கேபி. மெட்டாடேட்டா முன்பு 0.90, இப்போது 1.2. கேள்வி 4-இல் சேமிக்கச் சொன்ன ஃபைல் இருந்தால் இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லை.

ஃபைல் இல்லையென்றால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், அதை அசல் டிஸ்க் மேல் செய்யக் கூடாது. டிஎம்செட்டப் கொண்டு ஒவ்வொரு டிஸ்குக்கும் மேலே ஓவர்லே போட்டால், எழுதுவதெல்லாம் தனி ஃபைலுக்குப் போகும், டிஸ்க் அப்படியே இருக்கும். நாலு டிஸ்குக்கு 24 வரிசை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

மவுன்ட் ஆனதுமே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வரிசை தப்பாக இருந்தாலும் சில நேரம் ஃபோல்டர் பெயர்கள் சரியாகத் தெரியும். 20 எம்பிக்கு மேற்பட்ட ரா போட்டோவோ நீளமான வீடியோவோ திறந்து பாருங்கள். மேல் பாதி மணப்பெண்ணும் கீழ்ப் பாதி சாம்பல் கோடுமாக வந்தால் வரிசையோ துண்டு அளவோ தப்பு. சின்ன எக்செல் ஃபைல் திறந்தது எதற்கும் சாட்சி இல்லை, அது ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும்.

13. செக்டிஸ்க் ஓட்டிப் பாத்தா சரியாயிருமுங்களா?

வேண்டாம். லினக்ஸில் அதே வேலை செய்யும் எஃப்எஸ்சிகே-யும் வேண்டாம். ரெய்டு சரியாக நிற்கிறது என்று முன் கேள்வியில் சொன்னபடி பெரிய ஃபைல்களைத் திறந்து உறுதி செய்யும்வரை இவை ரிப்பேர் என்ற பெயரில் நல்லதையும் வெட்டும்.

14. இன்ஸ்டால் பண்றப்ப தப்பான டிஸ்கைத் தேர்ந்துப்போட்டேன். டேட்டா டிஸ்க் மேலயே விண்டோஸ் ஏறிருச்சுங்க.

ரெய்டு 1, 5, 6 என்றால் அந்த ஒரு டிஸ்க் செத்ததாக வைத்துக்கொண்டு மற்றவற்றால் திறங்கள். ரெய்டு 0 என்றால் எழுதப்பட்ட பகுதி போனது போனதுதான். மீதியிலிருந்து எடுக்க ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் எல்லா டிஸ்கையும் சேர்த்து ஒரு மாய ரெய்டு கட்டிக் காட்டும். காசு கொடுக்கும் முன்பே எந்த ஃபைல்கள் தெரிகின்றன என்று டெமோவில் பார்க்கலாம். இலவச ஃபோட்டோரெக் ஒற்றை ரெய்டு 0 டிஸ்கின் மேல் ஓடினால் துண்டு அளவைவிடச் சின்ன ஃபைல்கள்தான் கிடைக்கும்.

எஸ்எஸ்டி ஆக இருந்தால் நிலைமை கடினம். ஃபார்மட் கொடுத்ததுமே "இந்த இடம் காலி" என்று ட்ரிம் கட்டளை போய்விடும், டிஸ்க் உள்ளுக்குள் துடைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் எந்த மென்பொருளுக்கும் அகப்படுவது அபூர்வம்.

15. மில்லுல சர்வருங்க, ரெய்டு கார்டு போட்டது. அதுக்கும் இதேதானுங்களா?

கார்டு ரெய்டுக்கு ஓஎஸ் மாறியதே தெரியாது. டிரைவர் ஏற்றினால் போதும். கார்டோ டிஸ்கின் இடமோ மாறியிருந்தால் பூட் ஆகும்போது ஃபாரின் கான்ஃபிக் என்று கேட்கும். இம்போர்ட் கொடுங்கள், கிளியர் கொடுக்காதீர்கள். பேட்டரி உள்ள கார்டில் கேஷில் எழுதாமல் தங்கிய டேட்டா இருக்கலாம், "டிஸ்கார்டு" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

16. பிட்லாக்கர் போட்டிருந்தோமுங்க. பாஸ்வேர்டு கேக்காமத்தான் தெறந்துட்டிருந்துச்சு.

பிட்லாக்கர் என்பது டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி; தானாகத் திறந்ததற்கான சாவி பழைய விண்டோஸோடு போய்விட்டது. பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலும், ஆடிட்டரின் பழைய மெயிலிலும், பிரிண்ட் எடுத்த காகிதத்திலும் தேடுங்கள். இரண்டுமே இல்லையென்றால் ரெய்டு நூற்றுக்கு நூறு எழுந்தாலும் உள்ளே போக வழியில்லை.

17. டிஸ்க் டிக் டிக்குன்னு சத்தம் போடுதுங்க. தெறந்து பாக்கலாமுங்களா?

அணைத்துவிடுங்கள், மறுபடி போடாதீர்கள். ஒவ்வொரு தடவை சுழலும்போதும் ஹெட் தட்டில் உராயலாம். ஃப்ரிட்ஜில் வைக்கிற வைத்தியமும் வேண்டாம், நீர் கோத்து இருந்ததும் கெடும். தூசியில்லா அறை உள்ள லேபுக்குக் கொடுப்பதென்றால் செத்த டிஸ்கை மட்டுமல்ல, தொகுப்பின் எல்லா டிஸ்கையும் கேள்வி 2-இல் எழுதிய லேபிளோடும் கேள்வி 4-இன் ஃபைலோடும் கொடுங்கள். ரெய்டு 5-இல் ஒன்றுதான் இப்படிச் சத்தம் போடுகிறதென்றால் லேபே தேவைப்படாது.

18. டேட்டா எல்லாம் எடுத்தாச்சுங்க, நெம்பச் சந்தோஷம். பழைய டிஸ்கெல்லாம் இனி சிசிடிவிக்குப் போட்டுக்கலாமுங்களா?

ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் வரும்போதுதான் "அந்த ஃபோல்டர் வரலியே" என்று ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். அதற்கப்புறம் 5, 197 வரிகள் சுத்தமாக இருக்கும் டிஸ்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாட்டும் முன் எம்டிஏடிஎம்மின் ஜீரோ சூப்பர்பிளாக் கட்டளையால் பழைய ரெய்டு விவரத்தைத் துடையுங்கள். துடைக்காமல் போட்டால் அடுத்த தடவை உபுண்டு போடும்போது, இல்லாத ரெய்டு ஒன்று எம்டி127 என்று எழுந்து நிற்கும். மறுபடி எனக்குத்தான் போன் போடுவீர்கள்.